வயது வேறுபட்ட காதலும் தமிழ்க் கதைகளும்

கொழும்பு மாநகருக்கு வடக்கே களனி கங்கையைக் கடந்து வத்தளைப் பகுதியை அடைவோர் ஹெந்தளை என்னும் ஊரைக் காண்பர். இலங்கைத் திரைப்பட வரலாற்றிலே இவ்வூருக்கு ஒரு தனியிடம் உண்டு. சினிமாஸ் லிமிட்டெட் என்னும் நிறுவனத்தின் வாயிலாகத் தென்னிந்தியத் தமிழ்ப் படங்களை வரவழைத்து இந்நாட்டுப் படமாளிகைகளிற் காட்டியவரும், சிங்களப் படங்கள் பலவற்றைத் தயாரித்தவருமாகிய கே. குணரத்தினம் தமது விஜயா கலையகத்தை இங்கேதான் நடத்தினார். 1983 ஆம் ஆண்டு ஜூலை மாதத்து வன்செயல்களின்போது அக்கலையகம் தீக்கிரையாயிற்று. சுருள்களில் இருந்த முகங்கள் பல அத்தீயிலே மறைந்தன.

திரைப்படக் கலையகம் ஒன்றிலே விளக்கொளிக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் உள்ள அளவு முக்கியத்துவம் ஒப்பனை அறைக்கும் உண்டு. அவ்வறையிற் செய்யப்படும் மாயங்களுள் தலையாயது வயதை மாற்றுவது. 1965 ஆம் ஆண்டில் வெளிவந்த "ஆயிரத்தில் ஒருவன்" என்னும் படத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கதாநாயகராக நடித்த எம். ஜி. இராமச்சந்திரன் 1917 இற் பிறந்தவர். கதாநாயகியாக நடித்த ஜெயலலிதா 1948 இற் பிறந்தவர். படம் வெளிவந்தபோது ஒருவருக்கு வயது 48, மற்றவருக்கு 17. ஆயினும் கதையிலே அவர்கள் ஒத்த இளமையினராகிய காதலர். பார்த்தவர்களும் அவ்வாறே ஏற்றுக்கொண்டார்கள். அவ்விருவரையும் குறை கூறும் நோக்கம் இதில் இல்லை. அக்காலத் திரையுலகின் பொது வழக்கம் அது. கதாநாயகர்களுக்கு ஆண்டுகள் ஏறிக்கொண்டே போக, கதாநாயகியர் மட்டும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்பட்டு என்றும் இளையராகவே நின்றனர். முப்பது ஆண்டு வேறுபாடு எல்லோர் கண்ணுக்கும் முன்னாலே இருந்தது; ஆனால் கதை அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

ஏட்டிலே எழுதப்படும் கதைக்கு இந்த வசதி இல்லை. நாவலாசிரியன் ஒருவன் தன் கதைமாந்தரின் வயதை எழுதிவிட்டானானால், அந்த வேறுபாட்டுக்கு அவன் விடை சொல்லியே ஆகவேண்டும். வயது வேறுபட்ட இருவரின் காதலைப் பொருளாகக் கொண்ட கதைகள் உலக மொழிகள் எல்லாவற்றிலும் உண்டு. விரும்பிப் படிக்கப்படும் கதைகளும் அவை. மிக எளிதாகப் பொய்த்துப்போகும் கதைகளும் அவையே. தமிழிலே அவை எவ்வாறு அமைந்துள்ளன, அவற்றிலே திரும்பத் திரும்ப வரும் அமைப்புக்கள் யாவை என்பதை நோக்குவது பயனுடையது.

தமிழ் இலக்கணம் இப்பொருளைப் புறக்கணித்து விடவில்லை. காதலர் இருவரிடையே இருக்கவேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக வகுத்த தொல்காப்பியர், குடிப்பிறப்பு, உருவம், அருள், உணர்வு முதலியவற்றோடு ஆண்டையும் ஒன்றாக வைத்தார். காமம் இன்னதென அறியாத இளமையையுடைய பெண்ணிடத்து ஒருவன் கொள்ளும் வேட்கையை ஒருதலைக் காமமாகிய கைக்கிளையின்பாற் படுத்தினார். இளமை கடந்த நிலையில் நிகழும் காமத்தைப் பொருந்தாக் காமமாகிய பெருந்திணையுள் அடக்கினார். இதற்கு உரை வகுத்த இளம்பூரணர் அதனை மூவகையாகப் பகுத்துக் காட்டுகின்றார். ஆடவன் முதியவனாகப் பெண் இளையளாயிருத்தல் ஒன்று. பெண் முதியவளாக ஆடவன் இளையனாயிருத்தல் மற்றொன்று. இருவருமே இளமை நீங்கியவராயிருத்தல் இன்னுமொன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னே ஓர் உரையாசிரியர் போட்ட இப்பாகுபாட்டுக்குள் இக்காலத்து நாவல்களும் திரைப்படங்களும் ஒழுங்காக வந்து அமர்ந்து கொள்வது வியப்புக்குரியது.

உரையாசிரியர் காலத்திலே கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இத்தகைய கதையிலே இளையவராக இருப்பவருக்கு வெளியேறும் வாசல் ஒன்று இருக்கின்றதா? வேண்டாம் என்று சொல்ல அவரால் இயலுமா? சொல்லிவிட்டு அடுத்த வேளை உணவுக்கும் இரவு தங்குவதற்கும் அவருக்கு இடமுண்டா? பத்து ஆண்டு வேறுபாடா, இருபது ஆண்டு வேறுபாடா என்னும் கணக்கைவிட இக்கேள்வியே கதையின் தரத்தை நிர்ணயிக்கின்றது. வாசல் திறந்திருந்தும் ஒருத்தி உள்ளே நிற்பாளாயின் அது காதற்கதை. வாசலே இல்லாத வீட்டிலே நிற்பவளைப் பற்றிக் காதற்கதை எழுதுவது வேறு விதமான காரியம்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோமாயின், முதிய கணவனும் இளம் மனைவியும் வரும் கதைகள் தொடக்கத்திலே காதற்கதைகளாக எழுதப்படவில்லை. அவை முறையீடுகளாகவே எழுதப்பட்டன. அக்காலச் சட்டங்களை நினைவிற் கொண்டால் இதன் காரணம் விளங்கும். இலங்கையில் 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 12 என்று திருமண வயதின் கீழெல்லையை வகுத்தது. ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோரின் பெண்மக்களுக்கு மாத்திரம் அது 14. இந்தியாவில் 1929 ஆம் ஆண்டிலே நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விதித்தபோது அதற்கு எழுந்த எதிர்ப்புக் கொஞ்சமன்று. இலங்கையின் பொதுச் சட்டத்திலே இருபாலார்க்கும் 18 என்ற எல்லை 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே வந்தது. பன்னிரண்டு வயதிலே மணம் முடிக்கலாம் என்று சட்டம் சொன்ன காலத்தில், தாரமிழந்த ஐம்பது வயதினர் இரண்டாந்தாரமாகச் சிறுமியைக் கொள்வதைத் தடுக்க ஒன்றுமில்லை.

இந்த நிலையைக் காட்டிய படம் 1938 இல் வெளிவந்த "சேவாசதனம்". பிரேம்சந்தின் நாவலைத் தழுவி கே. சுப்பிரமணியம் இயக்கிய அப்படத்திலேதான் எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாகத் திரையிலே தோன்றினார். வறுமையின் காரணமாக முதியவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவருடைய சந்தேகத்துக்கு ஆளாகி, வீட்டைவிட்டுத் துரத்தப்படும் பெண்ணின் கதை அது. எப். ஜி. நடேச ஐயர் அம்முதிய கணவராக நடித்தார். அதே பிரேம்சந்த் 1927 இல் நூலாக வெளியிட்ட "நிர்மலா" என்னும் நாவல் இன்னும் கொடிது. தந்தை இறந்துபோக, சீதனம் கிடையாது என்று நிச்சயித்த சம்பந்தம் முறிய, பதினைந்து வயதுப் பெண் மூன்று ஆண்மக்களுக்குத் தந்தையாகிய ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கப்படுகின்றாள். அவருடைய மூத்த மகனும் அவளும் ஏறக்குறைய ஒரே வயதினர். தந்தையின் உள்ளத்திலே பொறாமை முளைக்கின்றது. மகன் விடுதிக்கு அனுப்பப்பட்டு அங்கே நோயுற்று மடிகின்றான்.

முதிய கணவன் கதைகளின் அமைப்புக்கள் அனைத்தும் இவ்விரண்டிலே அடங்கிவிடுகின்றன. கடன்பட்ட தந்தை, பொன் நிறைந்த மாப்பிள்ளை வீடு, தலைக்கு மை தீட்டிக்கொள்ளும் கிழவர், சாளரத்தின் ஓரம் நிற்கும் பெண், தற்செயலாக அவ்வழியே வரும் இளைஞன். புதுமைப்பித்தனின் "கல்யாணி" என்னும் சிறுகதையிலும் கிராமத்து அர்ச்சகர் ஒருவர், அவருடைய இரண்டாந்தாரமாகிய இளம்பெண், ஊருக்கு வந்து தங்கும் ஓவியன் என்று இம்மூவரே வருகின்றனர். ஆனால் புதுமைப்பித்தன் கிழவரைக் கொடியவராக்கவில்லை. அவர் ஒன்றும் அறியாத மந்தமான மனிதர், அவ்வளவுதான். கொடுமை செய்பவர் ஒருவரும் இல்லாமலே ஒரு பெண்ணின் வாழ்வு வீணாகின்றது என்பதுதான் படிப்பவர் நெஞ்சை உறுத்துகின்றது. கொடிய கிழவர் வரும் கதை படிப்பவனுக்கு ஒருவகை ஆறுதலைத் தந்துவிடும். அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

கல்கி இவ்வமைப்பை முற்றிலும் தலைகீழாகத் திருப்பினார். 1950 ஆம் ஆண்டில் "கல்கி" வார இதழிலே தொடங்கிய "பொன்னியின் செல்வன்" தொடர்கதையில் வரும் பெரிய பழுவேட்டரையர் அறுபது பிராயத்தைக் கடந்தவர். போர்க்களங்களில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் பெற்றவர். அவர் மணந்துகொண்ட நந்தினியோ இளம் பருவத்தாள். அவள் விலைக்கு வாங்கப்பட்ட பேதையல்லள். சோழ குலத்தின்மீது பழி தீர்ப்பதற்காக அக்கிழவரின் அரண்மனையை அவளே தேர்ந்தெடுக்கின்றாள். விரதம் என்று சொல்லி அவரை எட்டவே நிறுத்திவைக்கின்றாள். வாசலின் திறவுகோல் இங்கே இளையவள் கையிலே இருக்கின்றது. அதனாலேதான் வாசகர்கள் பழுவேட்டரையர்மீது சினங்கொள்வதற்குப் பதிலாக இரங்குகின்றனர். கிழட்டு ஆசை என்று ஊரார் நகைப்பதை அறிந்தும், மருகி நிற்கும் அந்தப் பெருவீரரை நகைப்புக்குரியவராகவே விட்டுவிடாமல் மனிதராக்கியது கல்கியின் திறமை. சரித்திரக் கதை என்னும் திரை இல்லாவிட்டால் அக்காலக் குடும்பப் பத்திரிகை ஒன்றிலே இப்படி ஒரு தம்பதியரைப் படைத்திருக்க இயலுமா என்பது ஐயமே.

கதைகளை விட்டு வீடுகளை நோக்கினால், இலங்கைத் தமிழரிடையே வயது வேறுபாட்டுக்கு வேறு காரணங்கள் இருந்தமை புலப்படும். சகோதரிகளுக்குச் சீதனம் சேர்த்துக் கரையேற்றிய பின்பே ஆண்மகன் தன் திருமணத்தை நினைக்கவேண்டும் என்பது எழுதாச் சட்டம். மூன்று தங்கையரை உடையவன் மணமேடை ஏறும்போது தலை நரைத்திருக்கும். முற்காலத்திலே மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றவர்களும், 1983 இன் பின் கனடா, ஐரோப்பா முதலிய இடங்களுக்கு அகதிகளாகச் சென்றவர்களும் இவ்வாறே காலம் தாழ்த்தியவர்கள். பயணக் கடன், வதிவிட அனுமதிக்கான வழக்கு, உடன்பிறந்தாரின் பொறுப்பு ஆகியவை தீர்வதற்குள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிடும். ஊரிலிருந்து பெண்ணை வருவிக்கும்போது அவளோ அவன் புறப்பட்ட காலத்திலே பள்ளிச் சிறுமியாக இருந்தவள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் தங்கி, விசாவுக்காக மாதக்கணக்கிற் காத்திருந்த மணப்பெண்கள் எத்தனையோ பேர். தரகர் கொண்டுவந்த புகைப்படம் பத்தாண்டுக்கு முந்தியது என்பதை விமான நிலையத்திலே கண்டறிந்த பெண்ணின் கதை நகைச்சுவையாகவும் சொல்லப்படுவதுண்டு, கண்ணீரோடும் சொல்லப்படுவதுண்டு. ஹெந்தளை ஒப்பனை அறையிலே செய்யப்பட்ட அதே மாயத்தை இங்கே ஒரு பழைய புகைப்படம் செய்துவிடுகின்றது. இப்பெண்களிற் பலர் நல்வாழ்வு வாழ்ந்தனர் என்பதும் உண்மையே. அவர்களுடைய மனநிலையை உள்ளிருந்து காட்டும் ஒரு பெரிய நாவலுக்கு இங்கே இன்னும் நிறைய இடம் இருக்கின்றது.

முதியவன், இளையவள் என்னும் இதே வகையிலே மேல்நாட்டார் பெரிதும் கையாண்ட அமைப்பு வேறொன்று. பாதுகாவலனும் அவனாற் காக்கப்படுபவளும், எசமானனும் அவன் வீட்டுப் பணிப்பெண்ணும், ஆசிரியனும் மாணவியும் காதலராதல் அது. ஜேன் ஒஸ்ரினின் "எம்மா" 1815 இல் வெளிவந்தது. அதில் நைற்லி என்பவர் எம்மாவைவிடப் பதினாறு வயது மூத்தவர்; அவளுடைய பிழைகளைத் திருத்திக்கொண்டேயிருப்பவர். எனினும் எம்மா செல்வம் நிறைந்த வீட்டின் தலைவி. அவள் அவரை மணக்காமலே இருந்திருந்தாலும் அவளுக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. சார்லட் புரொன்ரி 1847 இல் வெளியிட்ட "ஜேன் அயர்" அப்படியன்று. பதினெட்டு வயது நிரம்பிய அநாதைப் பெண் ஜேன். ஏறக்குறைய இருபது வயது மூத்தவரான செல்வர் றொச்செஸ்ரர் வீட்டிலே சம்பளத்துக்குக் கல்வி கற்பிக்க வந்தவள். இவ்விருவரும் மணந்துகொண்டு இன்புற்றிருந்தனர் என்று கதையை நடுவிலேயே முடித்திருக்கலாம். சாதாரண எழுத்தாளர் அப்படித்தான் முடித்திருப்பார். புரொன்ரி முடிக்கவில்லை. றொச்செஸ்ரருக்கு ஏற்கெனவே மனைவி இருப்பது மணநாளன்று வெளியாகின்றது. ஜேன் கையிற் காசில்லாமல் வெளியேறுகின்றாள், பட்டினி கிடக்கின்றாள், பின்னர்ச் சிற்றப்பனின் சொத்தாகிய இருபதினாயிரம் பவுணைப் பெற்று, அதனை உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றாள். றொச்செஸ்ரரோ தீவிபத்திலே கண்பார்வையையும் ஒரு கையையும் இழக்கின்றார். அதற்குப் பின்னரே திருமணம் நிகழ்கின்றது. ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தித் தராசுத் தட்டுக்களைச் சமமாக்கிய பின்னரே ஆசிரியை கதவைத் திறக்கின்றார். வயதை மாற்ற இயலாது. ஆனால் வயதோடு ஒட்டிக்கொண்டு வரும் அதிகாரத்தை மாற்றலாம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

பின்வந்த எண்ணற்ற காதல் நவீனங்கள் றொச்செஸ்ரரின் கடுகடுத்த முகத்தை எடுத்துக்கொண்டன. அவருடைய வீழ்ச்சியை விட்டுவிட்டன. 1908 இல் இலண்டனிலே தொடங்கப்பெற்ற மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தார் வெளியிட்ட கதைகளிலே மூத்த வைத்தியரும் இளந்தாதியும், செல்வரும் அவருடைய காரியதரிசியும் எத்தனையோ முறை காதலித்தனர். தமிழ் மாத நாவல்களும் இந்த அச்சிலே வார்க்கப்பட்டன. பங்களா ஒன்றின் சொந்தக்காரன், பேச்சிலே கடுமை, உள்ளத்திலே பழைய காயம். அவன் வீட்டில் அடைக்கலம் புகும் ஏழைப் பெண், தூணின் மறைவிலே அவன் உருகுவதைக் காண்கின்றாள். "வயதுக்கு மீறிய அறிவு அவளுக்கு" என்று யாராவது ஒரு பாட்டி ஓரிடத்திலே சொல்லுவாள். இச்சொல் வரும்போதெல்லாம் வாசகர் சற்று விழிப்போடு இருத்தல் நன்று. பெண்ணின் வயதை மறக்கச் செய்வதற்கு ஆசிரியர் பூசும் அரிதாரம் அது. வெள்ளவத்தையிலும் பிற இடங்களிலும் இத்தகைய நூல்களை விரும்பிப் படித்து வந்தவர்களை அறியாதவர்கள் என்று எண்ணுவதும் தவறு. நாள் முழுதும் பிறருக்காக உழைக்கும் ஒரு பெண், தன்னைக் கவனித்துப் பாதுகாக்கும் ஒருவனைப் பற்றி இரண்டு மணிநேரம் படிக்க விரும்புவதிலே வியப்பில்லை. அவ்விருப்பத்தை எழுத்தாளர் எப்படிப் பயன்படுத்துகின்றார் என்பதே ஆராயத்தக்கது.

இந்த அமைப்பை நேர்மையோடு கையாண்ட நூல் ஒன்று இலங்கையிலேயே எழுதப்பட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்க 1956 இல் வெளியிட்ட "விராகய" என்னும் சிங்கள நாவல் அது. அரவிந்த என்பவன் தன் இளமையிலே விரும்பிய சரோஜினியைத் துணிந்து கைப்பற்றத் தெரியாதவன். அவள் வேறொருவனை மணந்துவிட, அவன் தனியனாகின்றான். வீட்டுப் பணிப்பெண்ணின் மகளாகிய பத்தி என்னும் சிறுமியை அவன் வளர்க்கின்றான், படிக்க வைக்கின்றான். அவள் பருவமடைந்து வளர்ந்தபோது தன் அன்பின் நிறம் மாறிவிட்டதை அவனே உணர்கின்றான். ஊராரும் அவதூறு பேசத் தொடங்குகின்றனர். மேலே சொன்ன காதல் நவீனங்களிலே இவ்விடத்தில் மழை பெய்யும், மின்விளக்கு அணையும், இருவரும் ஒருவரையொருவர் உணர்ந்து கொள்வர். விக்கிரமசிங்கவின் நாவலிலே அப்படி ஒன்றும் நிகழவில்லை. பத்தி தன்னொத்த இளைஞனாகிய மோட்டார் ஓட்டி ஒருவனை விரும்புகின்றாள். அரவிந்த வேதனையோடு வழிவிடுகின்றான். அவனுடைய செயலின்மையைக் கோழைத்தனம் என்று சொல்லும் வாசகர்கள் உண்டு. துறவு என்று சொல்லும் வாசகர்களும் உண்டு. எவ்வாறாயினும், பத்திக்கு வாசல் திறந்திருந்தது. தந்தையின் இடத்திலே நின்றவன் அவ்விடத்தைப் பயன்படுத்திக் கொள்ளவில்லை.

1987 இல் திஸ்ஸ அபேசேகர இந்நாவலைத் திரைப்படமாக்கினார். கொழும்பு வாழ் தமிழர்க்கும் இக்கதை அந்நியமானதன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் நகரத்து வீடுகளுக்கு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட வழக்கம் நீண்டகாலம் நிலவியது. "எங்கள் வீட்டுப் பிள்ளை போல" என்று சொல்லப்பட்ட அப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, திரும்பிச் செல்லப் பேருந்துக் கட்டணமும் இல்லை. எசமானன் அடைக்கலம் புகுந்தவளைக் காதலிக்கும் கதையைப் படிக்கும்போது, அவ்வீட்டின் சமையலறையிலே நிற்கும் சிறுமியையும் நினைத்துப் பார்க்கவேண்டியிருக்கின்றது.

தமிழ்த் திரைப்படத்திலே ஒப்பனையைக் கலைத்துவிட்டு வயதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட படம் பாரதிராஜாவின் "முதல் மரியாதை". 1985 இல் அது வெளிவந்தபோது சிவாஜி கணேசனுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது; உடன் நடித்த ராதா இருபது வயதுப் பெண். அன்பில்லாத இல்லறத்திலே வாடும் ஊர்ப் பெரியவரும், பரிசல் ஓட்டும் இளம்பெண்ணும் கொள்ளும் நேசம் அதன் பொருள். நரையை மறைக்காத சிவாஜியின் நடிப்பு மறக்கத்தக்கதன்று. எனினும் முடிவிலே பெரியவரின் மானத்தைக் காப்பதற்காகக் கொலை செய்து சிறை செல்பவள் அந்தப் பெண்தான். இத்தகைய கதைகளில் கடனை அடைப்பவர் பெரும்பாலும் இளையவரே என்ற வழக்கம் இங்கும் மாறவில்லை.

இளம்பூரணர் கூறிய மூன்றாவது வகை, இருவருமே முதியவராயிருக்கும் காதல். அவர் அதனையும் பொருந்தாததென்றே கொண்டார். பாரதிதாசன் தமது "குடும்ப விளக்கு" நூலின் இறுதிப் பகுதிக்கு "முதியோர் காதல்" என்றே பெயரிட்டு அதற்கு விடை கூறிவிட்டார். அதன்பின் அவ்வழக்கு அதிகம் எழவில்லை.

எஞ்சியிருப்பது பெண் மூத்தவளாயிருக்கும் காதல். இதுவே தமிழ்ச் சமூகம் மிகவும் அஞ்சிய வகை. பதினைந்து வயது மூத்த கணவனைக் கண்டு முகஞ்சுளிக்காத சுற்றம், இரண்டு வயது மூத்த மனைவியைக் கண்டால் சாதகத்தைப் புரட்டத் தொடங்கிவிடும். 1975 இல் கே. பாலசந்தர் இயக்கிய "அபூர்வ ராகங்கள்" இவ்வச்சத்தோடு விளையாடியது. தன்னைவிட மூத்த பாடகி பைரவியை ஓர் இளைஞன் விரும்ப, அவளுடைய மகளோ அவ்விளைஞனின் தந்தையை விரும்புகின்றாள். இரண்டு திருமணங்களும் நடைபெற்றால் யாருக்கு யார் என்ன முறை என்னும் வேதாளத்தின் புதிர் கதையின் அச்சாணி. பெண் மூத்தவளாயிருப்பதைத் திரையிலே துணிந்து காட்டியது அப்படத்தின் பெருமை. ஆனால் புதிர் என்ற அளவில் அதனைச் சுருக்கியதால், எவரும் உண்மையாகவே முடிவெடுக்க வேண்டிய நிலை வராமல் கதை நழுவிவிடுகின்றது.

தி. ஜானகிராமன் நழுவவில்லை. அகில இந்திய வானொலியிலே கல்வி ஒலிபரப்புப் பகுதியிற் பணியாற்றிய அவர், "மோகமுள்" நாவலைச் "சுதேசமித்திரன்" பத்திரிகையிலே தொடராக எழுதினார். அது 1964 இல் நூலாயிற்று. கும்பகோணத்திலே கல்லூரியில் படிக்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்தவளாகிய யமுனாவை விரும்புகின்றான். யமுனா பிராமணத் தந்தைக்கும் மராத்தியத் தாய்க்கும் பிறந்தவள். அந்தப் பிறப்பின் காரணமாகவே அவளைப் பெண்பார்க்க வருபவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போகின்றனர்.

இந்நாவலிலே ஜானகிராமன் செய்த நுட்பமான காரியம் ஒன்று பலராலும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பாபு குடியிருக்கும் இடத்துக்கு அடுத்த வீட்டிலே தங்கம்மாள் என்னும் இளம்பெண் இருக்கின்றாள். அவள் ஒரு கிழவரின் மனைவி. சேவாசதனத்தின் சுமதி, பிரேம்சந்தின் நிர்மலா, புதுமைப்பித்தனின் கல்யாணி ஆகியோரின் தங்கை அவள். ஓரிரவு அவளாகவே பாபுவை நாடி வருகின்றாள். பின்னர் அவன் குற்றவுணர்ச்சியினால் அவளை விலக்க, அவள் உயிரை மாய்த்துக்கொள்கின்றாள். ஆடவன் மூத்தவனாகிய இணையையும், பெண் மூத்தவளாகிய இணையையும் ஒரே கூரையின் ஓரத்திலே அடுத்தடுத்து வைத்துவிட்டார் ஆசிரியர். ஊர் முறையாக மணம் முடித்து வைத்த இணையிலே ஒரு பெண் சாகின்றாள். ஊர் ஒருபோதும் ஒப்பாத இணையிலே இரண்டு பேர் உயிரோடு இருக்கின்றனர்.

யமுனாவுக்கு வாசல் இருந்ததா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வியன்று. முதலிலே பாபு தன் விருப்பத்தைச் சொன்னபோது அவள் மறுத்துவிடுகின்றாள். அவன் வற்புறுத்தவில்லை, சென்னைக்குச் சென்று உத்தியோகத்தில் அமர்கின்றான். ஆண்டுகள் எட்டுக் கழிகின்றன. சொத்து கரைந்து, ஆதரவு அற்று, மெலிந்த உடலோடு யமுனா சென்னைக்கு வந்து சேர்கின்றாள். பாபு அவளுக்கு வேலையும் தங்குமிடமும் தேடிக் கொடுக்கின்றான். வயதிலே மூத்தவள் அவளாயினும், அதிகாரம் இப்பொழுது இளையவன் பக்கம் சாய்ந்துவிட்டது. ஜேன் அயரின் தராசு இங்கே நேரெதிராகத் தாழ்கின்றது. அவள் இறுதியிலே இசைவது அன்பினாலா, நன்றியினாலா, களைப்பினாலா என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லவில்லை. இத்தனை காலமும் நீ காத்திருந்தது இதற்காகவா என்னும் பொருள்பட அவள் கேட்கும் கேள்வி, காதலின் நிறைவை எதிர்பார்த்து அறுநூறு பக்கங்களுக்கு மேல் படித்து வந்த வாசகரைத் திடுக்கிடச் செய்கின்றது.

1995 இல் ஞான ராஜசேகரன் இயக்கிய திரைப்படத்தின் மூலம் அக்கேள்வி புதிய தலைமுறையினரையும் சென்றடைந்தது. அதற்குப் பாபு கூறும் விடையைக் கொண்டு அவனைப் பழிப்பவர்களும் போற்றுபவர்களும் இன்றும் வாதிடுகின்றனர். அவன் இசையை மேலும் கற்பதற்காக வடக்கே புறப்படுகின்றான். யமுனா நாற்பதை நெருங்கும் வயதிலே, தானே உழைத்து உண்ணும் சோற்றோடு, சென்னையிலே இருக்கின்றாள்.